விழுந்த பல்லும் பதினெட்டாம் நாள் போட்டோவும்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம், அவளுடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் மறியல் செய்கிறது. உன் சௌக்கியத்தை விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை, அதுதான் தினமும் காலை எட்டு மணிக்குக் குடும்பக் குழுவில் போட்டோவாக வந்து இறங்கிவிடுகிறதே. 'மகளோடு ஒரு கோடை நாள்' என்று தலைப்பு வேறு, கூடவே நாள் கணக்கு வேறு. உன் சித்தப்பா கண் திறப்பதற்கு முன்பே அதற்கு ஒரு இதயம் போட்டுவிடுகிறான். உன் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீடு, எதிர் வீடு, மருந்துக்கடை வரைக்கும் போய், "எம் பையன் மாதிரி அப்பா எங்க இருக்காங்க, வீட்டுல உக்காந்து ஆபீஸ் வேலையும் பாத்துக்கிட்டு புள்ளையையும் பாத்துக்கறான்" என்று பீற்றிக்கொண்டு வருகிறாள். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன், பதினோராம் நாள் வரைக்கும்.

முப்பத்தெட்டு வருஷம் ஸ்டூடியோ நடத்தி, முகவாயை இறக்குங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க என்று கத்திக் கத்தித் தொண்டை வற்றியவன் நான். என் காதிலேயே பூச்சுற்றலாம் என்று நினைத்தாயே, உன் தைரியத்தை மெச்சுகிறேன். ஐந்தாம் நாள் குழாயைப் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சுகிறாள், எட்டாம் நாள் சறுக்குமரம், பதினோராம் நாள் புல்தரையில் தர்பூசணித் துண்டு. மூன்றிலும் நிழல் ஒரே பக்கம், ஒரே நீளம். முழங்கையில் ஒட்டிய பிளாஸ்திரியின் ஓரம் மூன்றிலும் ஒரே மாதிரி பிரிந்து தொங்குகிறது. சின்னப்பிள்ளை கையில் பிளாஸ்திரி ஒரு குளியலைத் தாங்காது, உன் வீட்டில் மட்டும் அது ஒரு வாரம் நிற்கிறதாம். கவுன் மட்டும்தான் வேறு வேறு. சந்தேகம் வந்து, இங்கே மத்தியானமாக இருக்கும்போது மருமகள் அங்கே ஆஸ்பத்திரி இரவு டியூட்டிக்குக் கிளம்புவதற்கு முன் வழக்கம்போல என் வாயாடிப் பேத்தியை என்னோடு பேசவைத்தாளே, அப்போது கேட்டேன். உன் மகள் பொய் சொல்லத் தெரியாதவள், அது அவள் அம்மா வீட்டுக் குணமாக இருக்கும். "அன்னிக்கு ஞாயித்துக்கிழமை ஏழு கவுன் மாத்தினேன் தாத்தா, பழத்தைக் கடிக்காம அப்படியே பிடிச்சுக்கோன்னு அப்பா சொன்னாரு" என்றாள். அதற்கப்புறம் பாதிப் பழம் எறும்புக்குப் போயிற்றாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், நீ ஒரு முழுக் கோடை விடுமுறையையே இரண்டு மணி நேரத்தில் மறைத்திருக்கிறாய், கெட்டிக்காரன்தான். மத்த நாளெல்லாம் என்னம்மா செய்வே என்று கேட்டேன். "அப்பா மீட்டிங்ல இருப்பாரு, நான் மேஜைக்கு அடியில வீடு கட்டி விளையாடுவேன், சத்தம் போடக்கூடாது" என்றாள். உன் காலடியில் இருக்கிற பிள்ளையைப் பார்க்க நான் கடல் தாண்டிப் போன் போட வேண்டியிருக்கிறது.

இதோடு போயிருந்தால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன், எப்படியோ போ என்று விட்டிருப்பேன். போன செவ்வாய்க்கிழமை பேசவந்தவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டே நின்றாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கையை எடுத்தாள். மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தபோது விழுந்ததாம், காகிதத்தில் சுற்றிப் பென்சில் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். அவள் அம்மாவிடமும் இதே சத்தியம் வாங்கியாகிவிட்டது. "அப்பாவா பாத்துக் கண்டுபிடிக்கட்டும் தாத்தா" என்று ஒரே குதி. உன் அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை, அவள் வாயில் எதுவும் அரைமணி நேரம் தங்காது. மறுநாள் புதன்கிழமை காலை வந்தது உன் பதினெட்டாம் நாள் போட்டோ. வரிசை குலையாத பல் அத்தனையும் காட்டிச் சிரிக்கிறாள், கீழே 'இன்றைய சிரிப்பு' என்று நீ எழுதியிருக்கிறாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனை வீசியிருப்பேன், வாங்கிக் கொடுத்தவன் நீயே என்பதால் சும்மா இருந்தேன்.

இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. ஒரே மேஜையில் உனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள், நீ முகம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று பல் தேய்க்கிறாள், கண்ணாடி முன்னால் ஈ என்று இளிக்கிறாள், நீ உம் கொட்டிவிட்டுப் போனைத் தடவுகிறாயாம். தினமும் எனக்கு அறிக்கை வந்துவிடுகிறது, "இன்னிக்கும் பாக்கல தாத்தா, அப்பாவுக்கு வேலை ஜாஸ்தி" என்று உனக்காக அவளே வக்காலத்து வாங்குகிறாள். நேற்றுத்தான் குரலை இறக்கி, "பல்லு இல்லாம இருந்தா அப்பா இனிமே என்னைப் போட்டோ எடுக்க மாட்டாரா தாத்தா?" என்று கேட்டாள். சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேனடா.

நான் மட்டும் பெரிய யோக்கியனா என்று நீ கேட்பாய், கேள். ஊரில் இருக்கிற பிள்ளைகளையெல்லாம் ஸ்டூலில் உட்காரவைத்துச் சிரிக்கவைத்தவன், உனக்கு முதல் பல் எப்போது விழுந்தது என்று இன்றைக்குக் கேட்டால் உன் அம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பேன். நான் இருட்டறையில் பிலிம் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்காவது கடை தெருக்கோடியில் இருந்தது என்று ஒரு சாக்கு உண்டு. உனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மேஜைப்பலகை, அவ்வளவுதான்.

போனில் சொன்னால் அப்புறம் பேசறேன்ப்பா என்பாய், அந்த அப்புறத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன், தாமதித்தால் புதுப் பல்லே எட்டிப் பார்த்துவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்குச் செய்த சத்தியத்தை இந்த வயதில் மீறுகிறேன், அந்தப் பாவம் உன் தலையில். ஒன்று மட்டும் செய்யாதே. ஓடிப்போய்ப் பல் விழுந்துவிட்டதா என்று கேட்டுத் தொலைக்காதே, யார் சொன்னது என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிடும். போனை வேறு அறையில் வைத்துவிட்டு மேஜைக்கு அடியில் குனிந்து போ, அவள் கட்டிய வீட்டுக்குள் உட்கார், அவளைச் சிரிக்க வை. சிரித்தால் வாய் திறக்கும், மீதியை உன் கண் பார்த்துக்கொள்ளும்.

மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், இரவு டியூட்டி உடம்பைத் தின்றுவிடும். நீயும் ரத்த அழுத்த மாத்திரையை விடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழவேண்டும் என்று உன் அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், என் ஆசீர்வாதம் வாயாடிக்கு முதலில், மிச்சம் இருந்தால் உனக்கு. விடுமுறை இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. போட்டோவுக்கு இல்லாமல் அவளைச் சும்மா சிரிக்க வைக்க உனக்கு இத்தனை நாள் போதுமா என்பதுதான் என் பயம்.

இப்படிக்கு,
உன் அப்பா