இது உங்களுடையது, பார்த்துவிட்டு எறியுங்கள்

கடைக் கவுன்ட்டரிலிருந்து,
செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரம்.

என் அக்கா பெற்ற அருமை மருமகளுக்கு,

மூன்றடிக்கு நாலடி கவுன்ட்டரை இருபத்தாறு வருடமாகக் கட்டி ஆளும் மாமன்னனும், ஈரேழு உலகத்திலும் அதிகம் பேசியவன் என்று உன் அம்மாவிடம் பட்டம் வாங்கியவனுமாகிய உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. நான் நலம். உன் அம்மாவும் நலம். உன் அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாம். நீ எடுத்தால் "மாமா, மீட்டிங்" என்பாய். எடுக்காவிட்டால் ஒரு பெண் குரல் வந்து, நீங்கள் அழைத்தவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்கிறது. நம் குடும்பத்தில் அந்தப் பெண்தான் உண்மை பேசுகிறாள். அதுவும் போக, இதோடு வருகிற பொட்டலத்தைப் போன் வழியாகத் திணிக்க முடியாது. அதை இப்போதே பிரிக்காதே. முழுக்கப் படித்துவிட்டுப் பிரி.

முதலில் தெருச் செய்தி. நம் ரிப்பேர் கடைக்கு எதிர்வரிசையில், பாத்திரக்கடை இருந்த இடத்தில் உங்கள் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் வந்து ஐந்து மாதம் ஆகிறது. நீலக் கை படம் போட்ட போர்டு. அதன் நிழலில் ஒரு கிராமத்தையே குடிவைக்கலாம். உள்ளே ஏசி போடும் குளிரில் அயர்ன் பாக்ஸ் கொண்டுபோனவர்கள் அதையே கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சோபாவோ, உட்கார்ந்தவரை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால்தான் வெளியே வருவார். இதெல்லாம் உனக்குத் தெரியாத செய்தியா என்ன! திறப்புக்கு முந்தின வாரம் நீ போன் பண்ணினாய். அங்கே மழை உண்டா மாமா என்று கேட்டாய். வேறொன்றும் சொல்லவில்லை.

அதே நீலக் கைதான் நீ அனுப்பிய காலண்டரிலும் இருக்கிறது. உன் அப்பா அதை வேலை மேஜைக்கு நேர் மேலே, வருகிறவர் கண்ணில் குத்துகிற மாதிரி மாட்டி வைத்திருக்கிறார். வருடத்துக்கு நாற்பது வார்த்தை பேசுகிற மனுஷர், அதில் முப்பதை அந்தக் காலண்டருக்கே செலவு செய்துவிட்டார். "பொண்ணு கம்பெனி. பெரிய வேலை."

சரி, என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். போன வருடம் நீ ஒரு கேள்வி கேட்டு எழுதினாய். மாமா, தெருவுக்கு நாலு ரிப்பேர் கடை இருக்கும்போது நம்ம கடைக்கு மட்டும் ஏன் ஆளுங்க திரும்பத் திரும்ப வர்றாங்க, விவரமா எழுதுங்க என்று. மருமகள் கேட்டுவிட்டாளே என்று நானும் பதினோரு பக்கம் எழுதினேன். காகிதம் தீர்ந்து மிக்ஸி டப்பாவின் அட்டையிலும் எழுதினேன். என் பேச்சுக்கு மயங்கித்தான் ஜனம் வருகிறது என்று ஒன்பது பக்கம். மீதி இரண்டு பக்கத்தில்தான், வாய் தவறி, உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அந்த உண்மை உனக்கே தெரியும். எந்தச் சாமானைப் பிரித்தாலும், கழற்றிய பழைய பாகத்தைக் காகிதத்தில் மடித்து உரியவர் கையிலேயே கொடுப்பார் உன் அப்பா. எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று அந்தப் பொட்டலம் சொல்லும், அவர் வாய் திறக்கவேண்டாம். ஆரம்பத்தில் ஆட்கள் அதைக் குப்பை என்று நினைத்து வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். ஒன்பதாம் வகுப்பு லீவில் நீதான் கவுன்ட்டர் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதினாய். "இது உங்களுடையது. பார்த்துவிட்டு எறியுங்கள்." அதற்கப்புறம் ஒருத்தரும் எறியவில்லை. இந்தத் தெருவின் மேஜை இழுப்பறைகளைத் திறந்து அந்தப் பொட்டலங்களையெல்லாம் சேர்த்தால் ஒரு ரயில் இஞ்சினே பூட்டிவிடலாம். உன் கையெழுத்துச் சீட்டைத்தான் அன்றிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து எடுத்து வைக்கிறார். மூலச் சீட்டு மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நாலாவது வீட்டுத் தையல்காரம்மா உனக்கு நினைவிருக்கும். உன் பள்ளி யூனிஃபார்மையெல்லாம் தைத்தவள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஸ்டாண்டு ஃபேனைத் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வந்தாள். காற்று சரியா வரலைண்ணே, எதிர்க்கடையில இலவசமா பார்க்கறாங்கன்னு சொன்னாங்க, ஒரு ஆசையில போயிட்டேன், கண்டென்சர் போச்சுன்னு மாத்திக் குடுத்தாங்க, ஆனா இப்பவும் மாவு அரைக்கிற மாதிரிதான் சுத்துது என்றாள். பையிலிருந்து ஒரு பொட்டலத்தையும் எடுத்துக் கொடுத்தாள். வழவழப்பான நீலக் காகிதம். அதன்மேல் அழகாக அச்சடித்திருந்தது: இது உங்களுடையது. பார்த்துவிட்டு எறியுங்கள்.

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வரலாற்றில் முதல் தடவை.

உன் அப்பா பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு கண்டென்சர். ஃபேன் மோட்டாரை உந்திவிடுகிற, கட்டைவிரல் பருமன் சாமான். தான் மாட்டுகிற ஒவ்வொன்றிலும் ஊசியால் மாதமும் வருடமும் கீறி, பக்கத்தில் ஆளுக்கு ஒரு படமும் போடுவது அவர் வழக்கம். தையல்காரம்மாவுக்குப் பட்டன். இதில் இருந்ததோ சீப்பு. சீப்பு முடிதிருத்துகிறவருடைய அடையாளம். அதே முடிதிருத்துகிறவர்தான், தினமும் காலையில் நம் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் செத்தாலும் வேற கடைப் படி ஏறமாட்டேன் என்று சத்தியம் செய்கிறவர். ஆள் ரகசியமாகச் செத்துப் பிழைத்திருக்கிறார் போல.

பிறகு ஃபேனைப் பிரித்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் மாட்டிய கண்டென்சர், பட்டன் படத்தோடு, அசையாமல் அங்கேயே இருந்தது. எவனும் அதைத் தொடக்கூட இல்லை. கோளாறு வேறிடத்தில். தையல் நூலும் பிசிறும் தண்டில் சுற்றிச் சுற்றி, குருவி கூடு கட்டின மாதிரி இறுகிக் கிடந்தது. வெட்டி எடுத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். ஃபேன் பறந்தது. அந்தச் சீப்பு கண்டென்சரையும் சோதித்துப் பார்த்தார். அதுவும் நன்றாகவே இருந்தது. நல்லதைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அதிலிருந்து கைக்கு வந்ததை மடித்துக் கொடுக்கிறார்கள். பொட்டலம் கொடுக்கவேண்டும் என்பது மட்டும் மேலிடத்து உத்தரவு போலிருக்கிறது. எதைப் போடவேண்டும் என்று மேலிடம் சொல்லவில்லையோ என்னவோ.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் இறங்கிவிட்டேன். நான் வாய் திறந்திருந்தால் அந்தப் போர்டு மூன்றாவது தெருவில் போய் விழுந்திருக்கும். உன் அப்பா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். கத்தாதே மாப்பிள்ளை, அந்த வரி நம்ம பிள்ளையோடது என்றார். அவ்வளவுதான்.

கத்தியிருக்கவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. தையல்காரம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். நீலக் காகிதத்தைப் பார்த்தாள். மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த சீட்டைப் பார்த்தாள். கடைசியாகக் காலண்டரை அண்ணாந்து பார்த்தாள். ஓ, ரெண்டு கடையும் ஒண்ணுதானாண்ணே என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. அதைச் சொன்னால் அடுத்த வார்த்தையாக உன்னைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். உன் அப்பா ஃபேன் வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

தெரு முழுக்கச் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கே போட்டியாக அத்தனை வாய் இந்தத் தெருவில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். போன வாரம் அயர்ன்காரர் பொட்டலத்தைப் பிரித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, தப்பா நினைக்காதீங்க, இது நிஜமா என் பெட்டியில இருந்ததுதானா என்று கேட்டார். இருபத்தாறு வருடத்தில் உன் அப்பாவிடம் யாரும் கேட்காத கேள்வி. அன்றோடு பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டார். கழற்றியதை இப்போது காலடித் தகரக் கூடையில் போடுகிறார். நான் வாய் மூடாமல் பேசிக்கொண்டிருந்தாலும் அது விழுகிற சத்தம் எனக்குக் கேட்டுவிடுகிறது.

அந்தக் காலண்டரையாவது கழற்றிவிடலாம், பாதி சந்தேகம் போய்விடும் என்று ஸ்டூல் மேல் ஏறினேன். இருக்கட்டும், பிள்ளை அனுப்பினது என்று இறக்கிவிட்டார். உன் அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. மகள் கம்பெனி நம்ம தெருவுக்கே வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒருநாள் உன் அப்பா என்னிடம் கேட்டார், அந்த வரி அவங்களுக்கு எப்படி மாப்பிள்ளை போச்சு என்று. தெருவில் போகிற எவனாவது பார்த்துக் காப்பி அடித்திருப்பான் மச்சான் என்றேன். என் பதினோரு பக்கத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவரும் சரி என்று தலையாட்டினார். நான் பொய் சொல்லும்போது அவர் தலையாட்டுகிற விதம் எனக்குத் தெரியும்.

நேற்று அவரே இந்தப் பொட்டலத்தைக் கட்டி என் கவுன்ட்டரில் வைத்தார். பழையபடி, நம் பழைய காகிதத்தில். அவளுக்கு அனுப்பிவிடு என்றார். கூடவே என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அதுலயே எழுதியிருக்கு என்றார்.

உள்ளே அந்தச் சீப்பு கண்டென்சர் இருக்கிறது. கூடவே, மேஜைக் கண்ணாடிக்குக் கீழேயிருந்த நீ எழுதிய அசல் சீட்டு. அந்த இடம் இப்போது சதுரமாக வெளுத்துக் கிடக்கிறது.

மருமகளே, உன்னை நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. பதினோரு பக்கம் எழுதி எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தவன் நான், கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் உன் அப்பாவுக்கு ஒரு வரி எழுது. இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது அப்பா என்று எழுது. தெரிந்திருந்தாலும் தெரியாது என்றே எழுது. அவர் தலையாட்டுவார்.

கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பாதே, உன் கையாலேயே எழுது. அந்தக் கையெழுத்தை அவர் பார்த்து ரொம்ப நாளாகிறது.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு. உன் சாமான் எதுவும் பழுதாகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட
உன் மாமன்.