கெண்டைக்கால் வீக்கம்

ஜூன் 3

மாமா காலை ஆறுக்கு டவர் கிரேன் ஏறினால் மாலை ஆறுக்குத்தான் இறங்குவார். இறங்கி ஏற நாற்பது நிமிடம், இன்ஜினியர் விடமாட்டார். ஒன்றுக்கு முட்டக் கூடாதென்று தண்ணீரே குடிப்பதில்லை. இதற்குப் பெயர் அனுபவமாம். கீழே நின்று வாக்கி-டாக்கியில் சிக்னல் கொடுப்பவன் நான். அவர் என் அக்கா புருஷன். வேலையில் அதெல்லாம் கணக்கில்லை.

ஜூன் 9

அவருக்கு இடது கெண்டைக்கால் வீக்கம், தொட்டால் சூடு. வலது கால் சரியாக இருக்கிறது.

“நாள் பூரா உக்காந்தே கெடந்தா வீங்காம என்ன பண்ணும் மாப்ளே?”

எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டேன்.

ஜூன் 12

ஏணியில் மூன்று இடத்தில் நின்றார். கம்பி கட்டுகிறவன் கத்தினான்: “என்னண்ணே, லிப்ட்டு வரட்டும்னு நிக்கிறீங்களா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூன் 14

வாக்கியில் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துகிறதாம். இன்ஜினியரிடம் ஓடினேன்.

“கேஸ் ட்ரபுளா இருக்கும். கான்கிரீட் முடியட்டும்.”

சிக்னல் இல்லாமல் கிரேன் அசையக் கூடாது என்பது அவர்கள் போட்ட விதி. வாக்கியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கிரேன் நின்றது, கான்கிரீட்டும் நின்றது. பிறகு நாலு பேர் ஏறி, இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். உதடு நீலம்.

ஜூன் 15

ஸ்கேன் எடுத்தார்கள். காலில் உறைந்த ரத்தம் பிய்ந்துபோய் நுரையீரல் குழாயை அடைத்திருக்கிறது. டாக்டரம்மா கேட்டார்: “ஒரு கால் மட்டும் வீங்குச்சா? தேய்ச்சீங்களா?”

தேய்த்தேன்.

“அதனாலதான்னு சொல்ல முடியாது. ஆனா இனிமே இப்படி வீங்கினா தேய்க்காதீங்க. நேரா இங்க கூட்டிட்டு வாங்க.”

வலிப்பது கால், கொல்வது நெஞ்சு. யார்றா எங்களுக்குச் சொன்னீங்க? ஹெல்மெட் போடாதவனப் பிடிக்க சைட்ல மூணு பேர் வச்சிருக்கீங்களே — இதுக்கு ஒருத்தன்?

ஜூன் 16

இன்னும் ஆக்சிஜன்.

ஜூன் 22

இன்ஜினியர் ஒரு தாளை நீட்டினார்: ‘ஆபரேட்டர் எந்த உடல்நலக் குறைவையும் தெரிவிக்கவில்லை.’

“சும்மா ஒரு கையெழுத்துதான் தம்பி.”

அதன் கீழேயே எழுதினேன்: ‘14ஆம் தேதி தெரிவித்தார். வாக்கியில் என் காதால் கேட்டேன். உங்களிடம் சொன்னேன்.’ கையெழுத்தும் போட்டேன். நாளையிலிருந்து வர வேண்டாமாம்.

வார்டில் மாமாவிடம் போய்ச் சொன்னேன். “அறிவிருக்காடா? சோத்துக்கு வழியில்ல, வீராப்புக்கு மட்டும் கொறச்சலில்ல” என்று தொடங்கியவர், நான் எட்டாவதில் பெயிலானது வரை இழுத்துத் திட்டினார். நடுவில் எங்கேயும் மூச்சுக்கு நிற்கவில்லை.