ஆண்குதிரைதான் வேண்டும் என்றார்கள்

மச்சான்,

காலையில் உன் பெண்குதிரையின் சேணத்துணியை உதறினேன். உப்புக்காற்றும் குதிரை வியர்வையும் கலந்த வாடை குப்பென்று அடித்தது. அவ்வளவுதான், நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். நெஞ்சுவலியில் நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. தஞ்சோங் கிளிங் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றி வருவது இப்போது நான் மட்டும்தான்.

நம்மிடம் இருந்தது இரண்டே குதிரைகள். உன்னுடையது மட்டக்குதிரை இனம்: குட்டைக் கால், பானை வயிறு, பெஞ்சு மாதிரி முதுகு. என்னுடையது பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட ஆண்குதிரை. நெட்டைக் கால், ஒடுங்கிய மார்பு, தடித்து வளைந்த கழுத்து. அதன் அழகைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே போதும், தொடங்கிவிடுவாய்.

"கழுத்த பாத்து மயங்குன ஆளுடா நீ! காயடிச்சிருந்தா கழுத்தும் இப்படித் தடிச்சிருக்காது, திமிரும் இருந்திருக்காது. பொட்டைக்கு இடுப்ப பாரு, எவ்வளவு அகலம். ஆள ஏத்துனா ஆடாதுலா."

பல வருஷத்துக்கு முன் செலண்டார் பக்கம் ஓர் எஸ்டேட் கல்யாணத்துக்கு இரண்டையும் லாரியில் ஏற்றிப்போனோம். மாப்பிள்ளைக்கு உன்னுடையது, படம் பிடிக்க மட்டும் என்னுடையது. மாப்பிள்ளையின் பெரியப்பா குனிந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்ன தம்பி, பொட்டையா? மாப்பிள்ளை இதுல வந்தா நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

"மேளச் சத்தத்துக்கு இதுதான் ஐயா அசையாம நிக்கும்" என்றாய் நீ.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என்னோடது ஆம்பளக் குதிரைதான் ஐயா, ஏத்துங்க" என்றேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "வேணாம்டா, உறுமிச் சத்தம் அதுக்குப் பழக்கமில்ல." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்குப் பொறாமை." அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.  நீ கயிற்றை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாய்.

கோயில் வாசலில் உறுமி அடித்ததும், மாப்பிள்ளையை ஏற்றியிருந்த என் குதிரை முன்னங்காலைத் தூக்கிவிட்டது. மாப்பிள்ளை புல்லில் சரிந்தார். நல்லவேளை, தலைப்பாகைதான் போனது. கயிற்றை விடாமல் நின்ற உன் முட்டியில் குளம்பு இறங்கியது.

"எவன்டா இந்தக் குதிரைய குடுத்தது?" என்று பெரியப்பா கத்தினார்.

தரையில் உட்கார்ந்தபடியே, "நான்தான் ஐயா, என் தப்பு" என்றாய்.

வீட்டிலும் அதையேதான் சொன்னாய். அன்று முதல் நொண்டி நொண்டித்தான் நடந்தாய். தங்கச்சி உன்னை "புத்திகெட்ட மனுஷன்" என்று திட்டும்போதெல்லாம் நான் உங்கள் வீட்டுக் கோப்பியைக் குடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கங்கெட்டவன் நான்.

போன வாரம் உன் திதி. சாப்பிட்டு முடித்ததும் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதுவிட்டேன் மச்சான். அவள் இலையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு அன்னைக்கே தெரியும்ண்ணே. மாப்பிள்ளைய ஏத்த ஆம்பளக் குதிரைய அவரு குடுப்பாரா? உங்க காதுல விழட்டும்னுதான் அவர திட்டுனேன். நீங்களா வந்து ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு அவரும் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டுதான் இருந்தாரு."

முட்டி உடைந்ததை நீ அன்றே மன்னித்திருப்பாய், எனக்குத் தெரியும். ஒரு வார்த்தைக்காக உன்னை அத்தனை வருஷம் காக்க வைத்தேனே, அதைத்தான் மச்சான் இறக்கி வைக்க இடமில்லாமல் சுமக்கிறேன்.