நீ கயிறு கட்டிய இடம்

என் அருமைத் தம்பி குமரனுக்கு,

நம் எஸ்டேட் லைன் வீடுகளில் இப்போது காலையில் வாளிச் சத்தம்தான். ஏரிக்கு அடியில் வரும் குழாய் மறுபடி கசிகிறது. அக்கரை ஊற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறது. நம் பக்கம் வருவதற்குள் பாதி காணாமல் போகிறது.

கசிவு என்றதும் எல்லாருக்கும் உன் நினைவுதான். கடலடிக் குழாய்களைப் பழுது பார்த்த நீ, லீவில் வந்தபோது இந்த ஏரியிலும் முங்கி, இரும்புப் பட்டை போட்டு ஓட்டையை அடைத்தாயே. ரிங்லெட் டவுன் கடையில் பத்துப் பேர் முன்னால் எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி சொன்னார்: “ஒன் தம்பி போட்ட பட்டைதாம்மா விட்டுப்போச்சு. லீவு அவசரத்துல செஞ்சது லா, வேற எப்படி இருக்கும்?” உன்னால் பதில் சொல்ல முடியாது.

நேற்று ஈப்போவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கசியும் இடம் தெரியக் குழாயில் பச்சைச் சாயம் விட்டு, கேமரா வைத்த சின்ன இயந்திரத்தை ஏரியில் இறக்கினார்கள். பல் கிட்டும் குளிரில் நீ தடவித் தடவிப் பார்த்ததை, இவர்கள் கரையில் மைலோ குடித்துக்கொண்டே பார்க்கிறார்கள். நீ சிரித்திருப்பாயா, பொறாமைப்பட்டிருப்பாயா?

திரையில் உன் பட்டை வந்தது. பாசி பிடித்திருந்தது; சுற்றிலும் சாயம் ஒரு நூல்கூடக் கசியவில்லை. கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

சற்றுத் தள்ளி, குழாயில் நீலமாக ஏதோ ஆடியது.

“ஏதோ குப்பை, அக்கா,” என்று இயந்திரத்தைத் திருப்பப் போனார் ஓட்டியவர்.

“இல்லப்பா, அது முடிச்சு,” என்றேன்.

தேயிலைக் கொழுந்து எடுத்து நிறுத்திய செடியில் அம்மா நீலக் கயிறு கட்டிவிட்டு வருவாளே, மறுநாள் அங்கிருந்தே தொடங்க. நீ பட்டை போட்ட அன்று மழை இறங்கியதும் கரையேறினாய். துண்டோடு நின்ற என்னிடம், “மிச்சத்த நாளைக்குப் பாக்குறேன்க்கா” என்றாய். மறுநாள் காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவே இல்லை.

“அது வரைக்கும்தான் அவன் பாத்தான். அங்கேருந்து பாருங்க,” என்றேன்.

முடிச்சைத் தாண்டி, குழாயின் ஓர் இணைப்பிலிருந்து பச்சைச் சாயம் புகைபோல் கிளம்பியது.

“பய அடையாளம் வச்சிட்டுல்ல போயிருக்கான்,” என்றார் கிராணி. பிறகு, “கடையில சொன்னத மனசுல வச்சிக்காதம்மா.”

இணைப்பைப் பார்க்க முங்கிய ஈப்போ ஆள் அந்தக் கயிற்றை அவிழ்த்துவந்து என்னிடம் தந்தார். அம்மாவும் காலையில் முதலில் அதைத்தானே அவிழ்ப்பாள்? அந்த இணைப்பை மாற்றி, அக்கரை வரை பார்த்து முடிக்கும் நாளில் நானும் அங்கே போவேன். குழாய் கரையேறும் இடத்தில் இதைக் கட்டிவிட்டு வருவேன். அதற்குமேல் உனக்கு மிச்ச வேலை இல்லையடா.

இன்னும் துண்டோடு கரையில் நிற்கும்
உன் அக்கா,
வசந்தா