ஒரே ஜெபத்தில் இரண்டு பேர்

அன்பு மகன் ஆசீருக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் தங்கச்சியும் சுகம், சூரத்தில் நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். ராத்திரி ஷிப்டு என்றால் வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. இங்கே பட்டாசுக் கம்பெனியில் நடந்ததைக் கேள்விப்பட்டு மனசை விட்டுவிடாதே, எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அண்ணா, அம்மா சொல்லச் சொல்ல எழுதியது இவ்வளவுதான். இனி ஞானசுந்தரி எழுதுகிறேன், அம்மா தூங்கிய பிறகு, அவளுக்குத் தெரியாமல். அம்மா சுகமாக இல்லை. அவளும் சோலையம்மாள் அத்தையும் ஒரே ஷெட்டில் உட்கார்ந்துதானே வெடிக்கு மருந்து அடைப்பார்கள். உள்ளே போகுமுன் அம்மா வாசலில் நின்று ஜெபிப்பாள். எனக்கும் சேத்துச் சொல்லுங்க மதினி, ஒங்க சாமி என்ன ரேஷன் கார்டா கேக்கப்போகுது என்று அத்தை கேலி பண்ணுவாள். அம்மாவும் தினமும் அவளையும் சேர்த்தே ஜெபித்தாள். அன்றைக்கும்தான். தீபாவளி ஆர்டர் அவசரத்தில் முந்தின நாள் கலந்து மிஞ்சிய மருந்தை, ராத்திரி தாண்டினால் தானே பற்றிக்கொள்ளும் என்று தெரிந்தும், எடுத்து அடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா தண்ணீர் குடிக்க வெளியே போன நேரம் ஷெட்டு வெடித்துவிட்டது. அத்தை இறந்துபோனாள்.

இப்போது சபையில் எல்லாரும் அம்மாவின் விசுவாசம்தான் அவளைக் காப்பாற்றியது என்கிறார்கள். அம்மா யாரிடமும் வாய் திறப்பதில்லை, அதனால் வருகிற ஞாயிறு நான் எழுந்து அதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டுமாம். ஒரே ஜெபத்தில் இரண்டு பேர் இருந்தார்களே, ஒருவருக்கு மட்டும் ஏன் செவிகொடுத்தார்? கேட்பதற்கே அங்கே யாரும் இல்லையோ என்றுகூட நினைத்துவிட்டேன். இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அத்தை மகள் முத்துச்செல்வி, சபையார் பேச்சு காதில் விழுந்த பிறகு, வகுப்பில் என் பெஞ்சை விட்டு மாறி உட்கார்ந்துவிட்டாள், மத்தியானம் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

நேற்று விடியக்காலையில் அடுப்படியில் அம்மா குரல் கேட்டது. ரெண்டு பேரையுந்தான ஒம்ம கையில குடுத்தேன், ஏன் ஆண்டவரே அவள விட்டீரு என்று அழுதுகொண்டே சண்டை போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அதே குரலில், முத்துச்செல்வி படிப்பை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளும் என்று கேட்டாள். அவ்வளவு கோபத்திலும் அவரிடம்தான் கேட்டாள் அண்ணா. நானும் கதவுக்குப் பின்னால் முழங்கால் போட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் வெறுமையிடம் பேசுகிறோம் என்ற நினைப்பு போய்விட்டது.

ஞாயிறு எழுந்து நிற்பேன். அத்தை பெயரையும் சொல்வேன், ஏன் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் அவரை நம்புகிறேன் என்று சொல்வேன். பாஸ்டர் ஐயா என்ன சொல்வாரோ. முத்துச்செல்வி காதுக்கும் அது போகும். எனக்காக ஜெபி.

அம்மாவின் முத்தங்கள். ஆண்டவர் உன்னைத் தனியாக விடாதிருப்பாராக. பதிலில் இதைப் பற்றி ஒன்றும் எழுதாதே, அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது என் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

உன் தங்கை,
ஞானசுந்தரி