போகிக்கு முன்னால் ஒரு லோடு டயர்

செங்கல்பட்டு
16.12.1998

அன்புத் தம்பி ராஜாராமுக்கு அக்கா தனகோடி எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். நீயும் உன் பெண்டாட்டி பிரபாவதியும் கடல் காற்றில் கொழுத்திருப்பீர்கள், அதைக் கேட்க வேண்டியதில்லை. மூணாவதோடு நின்றவள் எழுத்து, கோழி கிளறின மாதிரி இருக்கும். பொறுமையாகப் படி.

இங்கே மழை விட்டுப் பனி பிடித்துக்கொண்டது. பாலாற்றுப் பக்கமிருந்து வந்து மலைகளுக்கு நடுவில் குந்திக்கொண்டு, வெயில் ஏறும்வரை நகர மாட்டேன் என்கிறது. கல்குவாரித் தூசி, லாரிப் புகை எல்லாம் அதுக்கு அடியில்தான். உன் மாமாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. நெஞ்சுக்குள் பூனை வளர்க்கிறார். அது கத்துகிறது, எனக்குத் தூக்கம் போகிறது.

பூனைகூடப் பரவாயில்லை. போகியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. எங்கள் டயர் கடையில் தெருப் பையன்கள் இப்போதே பழைய டயருக்குச் சொல்லி வைக்கிறார்கள். வருஷா வருஷம் அள்ளிக் கொடுக்கிற வள்ளலாச்சே இவர். போன போகிக்கு அந்தப் புகையிலேயே உதடு நீலமாகிக் கீழே விழுந்தார். ஆட்டோ இல்லாமல் தள்ளுவண்டியில் கொண்டுபோனோம். “அடுத்த போகிக்கு இவரை ஊர்ல வெக்காதீங்கம்மா, தாங்க மாட்டாரு” என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார்.

நீ வந்து மாமாவை உன் வீட்டுக்குக் கூப்பிடு. மகாபலிபுரத்தில் காற்றுக்கா பஞ்சம்?

உன் அக்கா,
தனகோடி


மகாபலிபுரம்
22.12.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றே வந்தேன். நீ மார்க்கெட்டுக்குப் போயிருந்தாய். மாமா என்னைப் பார்த்ததும் கடை ஷட்டரை இறக்கிவிட்டார். “பத்திரிகைல பேரு இல்லாத வூட்ல எனக்கு இன்னாடா வேலை” என்று உள்ளேயிருந்தே குரல் வந்தது. என் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் எல்லப்பன் என்று மாமா பேர் விட்டுப்போனது அச்சடித்தவன் தப்பு. இதை எத்தனை தரம் சொல்வது? வீம்பு பிடித்த மனுஷனை நான் என்ன செய்ய?

நீயாவது வா. பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது நீ இருமிக்கொண்டே இருந்தாயாம். பிரபாவதி சொல்லிச் சொல்லிக் கவலைப்படுகிறாள். இங்கே வியாபாரத்துக்கும் தொல்லைதான். டூரிஸ்ட் வேன்காரர்கள் என் இளநீர்க் கடை வாசல்வரை வண்டியை ஏற்றிவிடுகிறார்கள்.

உன் தம்பி,
ராஜாராம்


செங்கல்பட்டு
27.12.1998

தம்பிக்கு,

என் இருமல் சும்மா. அவர் பாடினால் நான் பின்பாட்டுப் பாட வேண்டாமா?

கேள். விருந்துக்குத்தான் அவர் வர மாட்டார், வியாபாரத்துக்கு வருவார். உன் பேரைச் சொல்லாமல் ஆள் விட்டு, ஒரு லோடு பழைய டயர் வேண்டும், போகிக்கு முதல் நாள் இறக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பு. பாதி புதைத்து வேலி போட்டால் உன் கடைக்கும் காவல், இந்தத் தெருவில் எரிக்கவும் டயர் இருக்காது. சரக்கை இவரே கூட வந்து இறக்குவார். லாரிக்காரர் கலையரசனிடம் பேசிவிட்டேன். இறக்கினதும் பிரேக் போச்சு என்பார். ராத்திரி உன் வீட்டில்தானே படுத்தாக வேண்டும்?

ஒரே லாரியில் ரெண்டு பழைய சரக்கு. எது டயர், எது மாமா என்று பார்த்து இறக்கு.

அக்கா தனகோடி


செங்கல்பட்டு
போகிக்கு முதல் நாள், காலை

தம்பிக்கு,

லாரி கிளம்புகிறது. மாமா வருகிறார். மருந்து நீலப் பையில். நான் வரவில்லை, மாடு கன்று போடுகிற நேரம். கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேன். நாளை மதியம்வரை அவரை விடாதே.

தனகோடி


மகாபலிபுரம்
அதே நாள், சாயங்காலம்

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் முகம் கறுத்தது. ஆனால் ஏற்றின சரக்கைத் திருப்பிக் கொண்டுபோக மனசு வரவில்லை, “எறக்குடா” என்றார். நாலு டயர் இறக்குவதற்குள், “இன்னாடா இது, மூச்சு தானா உள்ள போவுது” என்று கடலைப் பார்த்து நின்றுவிட்டார். கலையரசன் பிரேக் போச்சு என்றதும், “உனுக்கு அவ எவ்ளோ குடுத்தா?” என்று கேட்டுச் சிரித்தார்.

பிறகு கலையரசன் கொண்டுவந்த உன் கடுதாசியைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

“அவ்ளோதானா? பாக்கி?”

“அவ்ளோதான் மாமா.”

“பூனை, எருமைன்னு என்னப் பத்தி ஒண்ணும் இல்ல?”

“இல்ல மாமா.”

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. “என்னத் திட்டாம அவ எழுத மாட்டாளே. மாடு மாசிலதான்டா கன்னு போடும்” என்றார். “முந்தாநேத்து அடுப்பாண்ட வாயில துணிய அடைச்சுக்கினு இருமினா. இன்னாடின்னேன். மொளகா நெடின்னா. நானும் நம்பிட்டேன்” என்றார்.

இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. நீயும் கூட வந்தால் அது விருந்தாகிவிடும், மாமா லாரியே ஏறியிருக்க மாட்டார். அவரை இங்கே அனுப்பிவிட்டு, நீ அந்தப் புகையில் உட்கார்ந்துகொண்டாய்.

இதைக் கலையரசன் கையில் கொடுத்து உடனே அனுப்புகிறேன். மாட்டைப் பக்கத்து வீட்டு முனியம்மாவிடம் விட்டுவிட்டு அதே லாரியில் ஏறு. விடிவதற்குள் எல்லாத் தெருவிலும் கொளுத்திவிடுவார்கள்.

பதில் எழுதாதே அக்கா. லாரி திரும்பி வரும்போது அதில் உன் கடுதாசி மட்டும் இருந்தால், மாமா ஏறிவிடுவார். என்னால் பிடித்து வைக்க முடியாது. இப்போதே சாப்பிடாமல், சட்டையைக் கழற்றாமல், ரோட்டோரம் ஒரு டயர் மேல் போய் உட்கார்ந்திருக்கிறார்.

ராஜாராம்