இடித்தேவன் கையில் ஏழு பழம் குறைவு

கார்கமிஷ்
கோதுமை அறுப்பு மாதம், எட்டாம் நாள்

இதைப் படிப்பவனே, அன்னவியாவிடம் சொல்: உன் கணவன் பிஹமுவா பேசுகிறேன். உனக்கும் அத்தைக்கும் நலம் உண்டாகட்டும்.

இது நான் அனுப்பும் மூன்றாவது ஈயத்தகட்டுக் கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. கழுதைக்காரன் அவற்றை மீன்வலைக்குக் குண்டாக விற்றுவிட்டானா, அல்லது நீ படிக்கக் கேட்டுவிட்டுச் சுருட்டி வைத்துவிட்டாயா? இரண்டாவது என்றால் அதையாவது எழுது.

கல் வந்துவிட்டது. நல்ல கருங்கல், இரண்டாள் உயரம். கோட்டை வாசலில் நிறுத்த வேண்டும். இடித்தேவன் தர்ஹுன்சாவை முரட்டு வெட்டாக வெட்டிவிட்டேன்: கொம்புத் தொப்பி, தோளில் சுருள்முடி, நுனி வளைந்த செருப்பு, காலடியில் காளை. வலக்கையில் ஓங்கிய கோடரி. இடக்கையில் முக்கிளை மின்னல். திராட்சைத் திருவிழாவுக்குள் முடிக்க வேண்டுமாம். அரண்மனைக் காரியஸ்தர் தினமும் வந்து, "இன்னும் மூக்கே வரலியே?" என்கிறார். "மூக்கு கடைசியிலதான் வரும். அவசரம்னா உளியை நீங்க பிடிங்க" என்றேன். இரண்டு நாளாக ஆளைக் காணோம்.

பக்கத்து வீட்டுக்காரி தரும் ரொட்டியை உளி வைத்துத்தான் உடைக்கிறேன். எப்போது வருகிறாய்? நாள் சொல். "பார்க்கலாம்" என்று எழுதாதே.

பிஹமுவா


மேட்டூர்த் தோட்டம்
அதே மாதம், இருபதாம் நாள்

பிஹமுவாவிடம் சொல்லுங்கள்: அன்னவியா சொல்ல, கோயில் எழுத்தர் எழுதுகிறார். நலமாக இருங்கள்.

மூன்று தகடும் கிடைத்தன. மூன்றிலும் கல் நலம். என் தம்பி அர்னுவின் பெயர் ஒன்றில்கூட இல்லை.

இடி விழுந்து செத்தவனுக்கு ஒப்பாரி கூடாது. கடவுள் எடுத்துக்கொண்டதற்கு அழுதால் குற்றம். அம்மா வாயை மூடிக்கொண்டு மாவைக் குத்திக் குத்திப் பிசைகிறாள். அவன் விழுந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டாயிற்று. உள்ளே நிற்கும் அவன் நட்ட திராட்சைக்கொடி இனிக் கடவுளுடையது. யாரும் தொடக்கூடாது.

நீங்களும் வந்தீர்கள். மரத்திலிருந்து அவன் கிடந்த இடம்வரை காலால் அளந்தீர்கள். "மேட்டுல ஒத்தை மரம். அங்க நின்னா விழத்தான் செய்யும்" என்று அம்மா காதுபடச் சொன்னீர்கள். மலையில் கல் காத்திருக்கிறது என்று மூன்றாம் நாளே கிளம்பினீர்கள்.

நம் கிணறு கோட்டை வாசலுக்கு வெளியே இருக்கிறது. தினம் இரண்டு முறை, குடத்தோடு, மின்னல் பிடித்த அந்தக் கைக்குக் கீழே நான் நடக்க வேண்டும். என்னால் முடியாது. அதனால்தான் நாள் சொல்லவில்லை.

"கடவுள் கையைப் பத்தி இப்படியெல்லாம் எழுதமாட்டேன்மா" என்கிறார் எழுத்தர். "எழுதுங்க, பாவம் எனக்கே வரட்டும்" என்றேன். எழுதிவிட்டார்.

அன்னவியா


கார்கமிஷ்
திராட்சை கறுக்கும் மாதம், மூன்றாம் நாள்

அன்னவியாவிடம் சொல்: பிஹமுவா பேசுகிறேன்.

அளந்தது உண்மை. அளக்காமல் எனக்கு எதையும் நினைக்கத் தெரியாது. பதினோரு அடி. அர்னு இன்னும் எத்தனை அடி ஓடியிருந்தால் தப்பியிருப்பான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வாயில் வந்ததோ அந்த மரத்துப் பேச்சுதான். அத்தையிடம் இதைச் சொல்.

இனி வேலைச் செய்தி. கல்லில் விரிசல். இடது மணிக்கட்டுக்குள் மயிரிழைபோல ஓடியிருக்கிறது, மேலே பார்த்தால் தெரியாது, பனிக்காலத்தில் வெட்டியெடுத்த கல்லில் இப்படி ஆவதுண்டு, உளி ஒரு கோணத்தில் பட்டால் தாங்கும், இன்னொரு கோணத்தில் தாங்காது, நேற்று தாங்கவில்லை, மின்னல் முழுதாகப் பெயர்ந்து விழுந்துவிட்டது. ஒரு கையில் மின்னல் இல்லாமல் இன்னொன்றில் கோடரி மட்டும் நன்றாக இராது என்று அதையும் கொத்தி எடுத்துவிட்டேன். நல்லவேளை, மார்புக்கு முன்னால் கல்வெட்டுக்காக இரண்டு விரல் கனம் விட்டிருந்தேன். புதிய கைகள் அதிலிருந்து வரும். ஒன்றில் திராட்சைக் கொத்து, மற்றதில் கோதுமைக் கதிர். உங்கள் மேட்டு ஊர்களில் அவரைக் கும்பிடுவதுபோல. கல்வெட்டு பின்பக்கம் போகும்.

காரியஸ்தர் தலையில் அடித்துக்கொண்டார். "ஆயுதமே இல்லாம நின்னா எதிரி எப்படிய்யா பயப்படுவான்?"

"கோட்டைக்குள்ள யாரும் கோடரியைத் திங்கிறதில்ல. திராட்சையும் கோதுமையும் தர்றவரும் இவர்தானே?"

"அரசர் வேணாம்னு சொன்னா ஒரு வருஷம் மலையில கல் இழுப்பே."

"இழுக்கிறேன்."

திருவிழாவன்று தெரிந்துவிடும்.

பிஹமுவா


மேட்டூர்த் தோட்டம்
அதே மாதம், பதினேழாம் நாள்

பிஹமுவாவிடம் சொல்லுங்கள்: அன்னவியா பேசுகிறேன்.

உங்களுக்குக் கல் கொண்டுவந்த வண்டிக்காரர் துவாதி நேற்று எங்கள் வீட்டில் மோர் குடித்தார். விரிசலைப் பற்றிக் கேட்டேன். "விரிசலா? தலையிலேருந்து கால்வரை நானே தட்டிப் பாத்தேன் தாயி, வெண்கலமாட்டம் கணீர்னு பேசுச்சு. உன் புருஷனும் தட்டிப் பாத்துட்டுத்தானே எறக்குனான்?" என்றார்.

நீங்கள் உண்மை சொன்னால் நாலு வார்த்தையில் முடியும். போன தகட்டில் விரிசலை எழுத்தர் படித்து முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்கு அப்போதே சந்தேகம்.

எனக்காகவா செய்தீர்கள்? ஒரு வருஷம் கல் இழுத்தால் உங்கள் முதுகு என்னவாகும்?

நீங்கள் திராட்சைக் கொத்து செதுக்கப்போவதை அம்மாவிடம் சொன்னேன். விடிந்ததும் அரிவாளோடு வேலிக்குள் போய்விட்டாள். "ஏ கிழவி, அது கடவுளோடது!" என்று தெருவே கத்தியது. "கடவுளுக்குத்தான்டா அனுப்புறேன்" என்றாள். அர்னுவின் கொடியில் அறுத்த கொத்து துவாதி வண்டியில் வருகிறது. வைக்கோல் சுற்றியிருக்கிறேன். அதைப் பார்த்துச் செதுக்குங்கள்.

அன்னவியா


கார்கமிஷ்
திராட்சைத் திருவிழா முடிந்த மூன்றாம் நாள்

அன்னவியாவிடம் சொல்: பிஹமுவா பேசுகிறேன்.

விரிசல் இல்லை. நானே உடைத்தேன். ஒரே அடி. உனக்காகவா என்றால், பாதி. மீதிப் பாதி, அந்த மின்னலில் உளியை வைத்தாலே மேடும் மரமும் வந்து நின்றன. கை ஓடவில்லை.

கொத்து வந்து சேர்ந்தது. வழியில் ஏழு பழம் உதிர்ந்து காம்பு மட்டும் நின்றது. அப்படியே செதுக்கினேன். இல்லாத பழத்தை என்னால் செதுக்க முடியாது.

திருவிழாவன்று கல்லை நிறுத்தினோம். அரசர் கிட்டே வந்து பார்த்தார். "கொத்துல ஏன் பழம் குறையுது?" என்றார்.

"நிஜக் கொத்துங்க. மேட்டூர்ல இடி விழுந்த இடத்துக் கொடி. வர்ற வழியில ஏழு விழுந்துருச்சு."

"இடி விழுந்துமா காய்ச்சுது?"

"காய்ச்சுது. நட்டவன்தான் இல்ல."

அவர் ஒரு காலிக் காம்பில் விரலை வைத்தார். பிறகு காளையின் காலடியில் மது ஊற்றச் சொன்னார். நான் கல் இழுக்கப் போகவில்லை.

பின்பக்கம் வழக்கமான சாபத்தை வெட்டியிருக்கிறேன்: இந்த உருவத்தைச் சிதைப்பவனைத் தர்ஹுன்சா நொறுக்கட்டும். முதலில் சிதைத்தவன் நான்தான். மேகம் வந்தால் அண்ணாந்து பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் இல்லை.

இந்த முறை நாள் கேட்கமாட்டேன். கிணற்றுக்குப் போகும் வழியில் இப்போது அர்னுவின் பழம் இருக்கிறது. அவ்வளவுதான்.

பிஹமுவா


மேட்டூர்த் தோட்டம்
மது பிழியும் மாதம், முதல் நாள்

பிஹமுவாவிடம் சொல்லுங்கள்: அன்னவியா பேசுகிறேன்.

ஐந்தாம் நாள் துவாதி வண்டியில் கிளம்புகிறோம். நாள் சொல்லிவிட்டேன். வண்டி எத்தனை அடி தள்ளி வருகிறது என்று வாசலில் நின்று அளக்காதீர்கள், ஓடி வாருங்கள். மேகம் இருந்தால் வெளியே நிற்கவும் வேண்டாம்.

அம்மாவும் வருகிறாள். இப்போதுதான் எழுத்தரிடம் கேட்டாள்: "இடி எடுத்த பிள்ளைக்கு அழக்கூடாது, சரி. அவன் வச்ச பழத்தைக் கல்லுல பாத்து அழுதா குத்தமா?"

எழுத்தர் எழுதுவதை நிறுத்தினார். "அதுக்கு எங்கிட்ட விதி இல்லம்மா" என்றார்.

அர்னு போனதிலிருந்து பெட்டியிலேயே மடித்துக் கிடந்த துக்க முக்காட்டை அம்மா துவைத்து வெயிலில் போட்டிருக்கிறாள்.

அன்னவியா